என்ன சொல்றாரு?

"இந்த எண்ணெய்ய எம்மேல தடவுனா நான் எந்திரிச்சு ஓடிருவேன்னு சொல்லு," என்றார் லிஃப்ட்டுக்காரர்.

அறையில் இருந்தது மூன்று பேர். அவர் சொன்னது சொல்லாகக் கேட்டது அவருடைய மனைவி ஒருத்திக்குத்தான். கட்டிலின் மறுபக்கம் புட்டியைத் திறந்து உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்த நாத்தனாருக்கு, அதாவது அவருடைய அக்காவுக்கு, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு யாரோ மூக்கால் பாட முயல்வது போன்ற ஓர் இழுவை மட்டுமே கேட்டது. எண்ணெய் விரலிடுக்கில் வழிய, "என்னம்மா சொல்றான்?" என்று நிமிர்ந்து பார்த்தார்.

"வாசனை நல்லா இருக்காம் அண்ணி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு கேக்கறாரு."

"இதுல எனக்கு என்னடா சிரமம்?" என்று அக்கா தம்பியின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கழுத்துப் பட்டைக்கு மேலே லிஃப்ட்டுக்காரரின் முகம் கூரையைப் பார்த்தபடியே கிடந்தது. கண் மட்டும் மெல்லத் திரும்பி மனைவியிடம் வந்தது. அடிப்பாவி என்று அந்தக் கண் சொன்னதையும் அவள்தான் கேட்டாள்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் பாதிக் கட்டடங்களில் ஏறி இறங்கும் பெட்டிகளுக்கு அவர் கைதான் பட்டிருக்கிறது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்ததோடு சரி. தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்டுக்காரர். ஒருநாள் ஸ்குரூ டிரைவர் கையிலிருந்து நழுவியது. மறுவாரமும் நழுவியது. பிறகு சட்டைப் பொத்தான், பிறகு மாடிப்படி, பிறகு நாக்கு. மூளை போடும் உத்தரவைத் தசைகளுக்குக் கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய், புத்தி கடைசிவரை தெளிவாக இருக்கும், மருந்து கிடையாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், "கன்ட்ரோல் ரூம்ல ஆள் இருக்கான், வயர்தான் அறுந்துபோச்சுன்னு இதுக்கு அர்த்தம்," என்று மனைவிக்கு அவரே விளக்கினார். அப்போது அவருக்கு நன்றாகப் பேச வந்தது. அதற்குப் பிறகுதான் பாலியேட்டிவ்காரர்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். நோயைத் துரத்துவது அவர்கள் வேலையில்லை. நோயாளி படுகிற அவதியைக் குறைப்பது வேலை. வயிற்றில் போட்ட குழாய் வழியாகப் பால் ஊற்றவும், தொண்டையில் சேரும் சளியைச் சின்ன மெஷினால் உறிஞ்சி எடுக்கவும், மூச்சுக்கு மாஸ்க் மாட்டவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் குழுவின் நர்ஸ்தான். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையில் ஹெல்மெட்டோடு நேராகக் கட்டிலருகே வந்து, "எப்படி இருக்கீங்கண்ணே?" என்று கேட்ட பிறகே அதைக் கழற்றுகிறவர். அதனால் லிஃப்ட்டுக்காரர் அவருக்கு வைத்த பெயர் ஹெல்மெட்.

மனைவிக்கு அவர் வைத்திருந்த பெயர் கம்ப்ளைண்ட். கல்யாணமான புதிதில் வைத்தது. அவள் தண்ணீர் வாரியத்தில் புகார் வாங்கும் பிரிவில் இருந்தாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை காதில் ஃபோன், விரலுக்குக் கீழே கீபோர்டு. "தண்ணி என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று ஒருவர் கத்துவார். 'மூன்று நாட்களாகத் தண்ணீர் வரவில்லை, விரைந்து சரிசெய்யக் கேட்டுக்கொள்கிறார்' என்று அவள் விரல் அடிக்கும். குடும்பத்தையே இழுத்து நாறடித்துப் பேசுகிறவர் எழுத்தில் மரியாதைக்குரிய வாடிக்கையாளராகிவிடுவார். இதை அவள் யோசித்துச் செய்வதில்லை. யோசித்தால் மூன்றாவது ஃபோனிலேயே மூளை குழம்பி எழுந்து ஓட வேண்டியதுதான். காதில் விழுவது ஒன்று, கையில் வருவது இன்னொன்று. நடுவில் அவள் இல்லை. பிரிவிலேயே அவளுக்கு நல்ல பெயர் இருந்தது.

அதே வேலையைத்தான் லீவு போட்டுவிட்டு வீட்டிலும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய பேச்சு தேயத் தேய, முதலில் வெளியாட்களுக்குப் புரியாமல் போனது, பிறகு அக்காவுக்கு, பிறகு ஹெல்மெட்டுக்கு. பக்கத்திலேயே படுத்து எழுந்ததால் அவளுக்கு மட்டும் புரிந்துகொண்டே இருந்தது. ஆக, வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக் கேட்பார்கள், பதிலுக்கு அவளைப் பார்ப்பார்கள். 'என்ன சொல்றாரு?' அந்த வீட்டில் அதிகம் புழங்கிய வாக்கியம் அதுதான்.

ஆரம்பத்தில் அவருக்குக் கோபம் வந்தது. "நான் சொன்னதச் சொல்லுடி," என்று சண்டை பிடித்தார். பிறகு, கெட்டிக்காரர் இல்லையா, அதில் இருந்த வேடிக்கை பிடிபட்டுவிட்டது. பக்கத்து வீட்டு மேனேஜர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மனதில் உறுதி இருந்தால் எந்த நோயும் ஓடிவிடும் என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தபோது, "இந்தாளு தலைமேல ஒரு லிஃப்ட்ட எறக்கு," என்றார். "உங்க பேச்சு ரொம்பத் தெம்பா இருக்காம் சார்," என்றாள் அவள், முகத்தில் ஒரு கோடு அசையாமல். அவ்வளவுதான், சிரிப்பு பிடித்துக்கொண்டது. அந்த நோயில் சிரிப்பும் ஒரு அவஸ்தை. தொடங்கினால் நிற்காது, நின்றால் அழுகையாக மாறும். மேனேஜர், தன் சொல் நெஞ்சைத் தொட்டுவிட்டதென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து அது இருவருக்குமான விளையாட்டு. வேண்டுமென்றே கொடூரமாக எதையாவது சொல்வார், இதை எப்படித் திருப்புகிறாய் பார்ப்போம் என்று கண்ணில் சவால் இருக்கும். அவள் திருப்பிப் போடுவாள். கட்டிலும் மெஷினும் மருந்து நெடியுமாக இருந்த அந்த அறையில் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது அந்த நேரங்களில்தான்.

அதில் அதிகம் அகப்பட்டது அக்கா. ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் ஏதாவது ஒரு வைத்தியத்தோடு வந்து நிற்பார். அக்காவுக்கென்று லிஃப்ட்டுக்காரர் வைத்திருந்த வசைகளைச் சொல்லி மாளாது. அத்தனையும் அக்காவின் காதில் தேனாகத்தான் விழுந்தன. "முன்னெல்லாம் எங்கிட்ட நின்னு ரெண்டு வார்த்த பேசமாட்டான்மா. இப்பப் பாரு, அக்கா சாப்பிட்டியா, அக்கா கால் வலி எப்படி இருக்குன்னு. நோவு வந்தாத்தான் மனுஷன் மனசு தெரியுது," என்று ஒருநாள் சமையலறையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டாள்.

இன்னொரு நாள் அக்கா அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே, "எனக்கு முன்னாடி நீ போயிடாதடா," என்றார். "போகத்தான்க்கா போறேன்," என்றார் லிஃப்ட்டுக்காரர். கண்ணில் சவால் எதுவும் இல்லை. அவள் சளி எடுக்கும் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "எங்கயும் போகமாட்டாராம் அண்ணி," என்றாள்.

டாக்டர் வந்தது அதற்குப் பிறகுதான். குழுவின் டாக்டர் சின்னப் பெண், நிதானமாகப் பேசும். அக்காவும் இருந்தார், ஹெல்மெட்டும் இருந்தார். டாக்டர் கட்டிலில் அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்துகொண்டது.

"சார், ஒரு முக்கியமான விஷயம் கேக்கணும். இந்த மாஸ்க் இன்னும் கொஞ்ச காலம்தான் தாங்கும். அதுக்கப்புறம் ரெண்டு வழி இருக்கு. தொண்டையில தொளை போட்டு மெஷின வெச்சுடலாம். மெஷின் உங்களுக்காக மூச்சு விடும். ஆனா நோய் நிக்காது. கண்ணக்கூட அசைக்க முடியாத நிலைமை வரலாம், அப்பவும் மெஷின் ஓடிட்டிருக்கும். வேணாம்னா, மூச்சுத் திணறல் தெரியாம இருக்க மருந்து குடுத்து நாங்க கூடவே இருந்து பாத்துக்குவோம். உங்களத் திணற விடமாட்டோம், அது என் பொறுப்பு. ரெண்டுல எது சொன்னாலும் சரிதான். ஆனா நீங்கதான் சொல்லணும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். லிஃப்ட்டுக்காரர் டாக்டரைப் பார்த்தார். பிறகு சொன்னார். அவருக்கு அன்று வந்த பேச்சுக்கு அது நீளமான வாக்கியம். இடையில் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

"வேணாம். தொளையெல்லாம் வேணாம். இதோட விட்ருங்க. இவள கொஞ்சம் தூங்க விடுங்க."

"என்ன சொல்றாரு?" என்றது டாக்டர்.

"வெச்சுக்கலாம்ங்கறாரு," என்றாள் அவள். "இருக்கணும்ங்கறாரு."

யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால் அதைப் பொய் என்றாவது சொல்லலாம். வாய் தானாகச் செய்த வேலை. காதில் ஒன்று விழுந்தது, வெளியே இன்னொன்று வந்தது, வழக்கம்போல நடுவில் அவள் இல்லை. "என் தங்கமே!" என்று அக்கா ஓடிவந்து தம்பியின் காலைக் கட்டிக்கொண்டார். லிஃப்ட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்க, பட்டைக்குள் கழுத்து துடிக்க, நிறுத்த முடியாமல் சிரித்தார். எச்சில் புரையேறி முகம் கறுத்தது. மெஷினைப் போடு, குழாயை எடு, நிமிர்த்திப் பிடி என்று அறையே கலவரமாகிவிட்டது. எல்லாம் அடங்கி அவருக்கு மூச்சு சீரானபோது டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரி சார், இப்ப ஓய்வெடுங்க. அடுத்த தடவ வந்து மறுபடியும் கேட்டுட்டு ஏற்பாடு பண்ணலாம்," என்று சொல்லிவிட்டுப் போனது.

அன்றோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

தலையணை சரியாக இருக்கிறதா என்று கேட்டால் கண்ணை அழுத்தி ஒருதரம் மூடுவார், ஆமாம். இல்லையென்றால் இரண்டுதரம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கோபமா என்று கேட்டாள். இரண்டுதரம் மூடினார். பிறகு என்ன என்று கேட்டாள். அதற்குக் கண்ணால் பதில் சொல்ல முடியாது, வாயால்தான் சொல்ல வேண்டும், அவர் சொல்லவில்லை. மேனேஜர் வந்து இந்த முறை மூச்சுப் பயிற்சி பற்றி வகுப்பெடுத்தார். அவள் ஆசையோடு கட்டிலைப் பார்த்தாள். உதடு அசையவில்லை. "என்னம்மா சொல்றாரு?" என்று மேனேஜர் கேட்டார். "ஒண்ணும் சொல்லல சார்," என்றாள். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மெஷின் வைக்க இடம் வேண்டுமென்று பீரோவை நகர்த்த ஆள் கூட்டிவந்தார். கரண்ட் போனால் என்ன செய்வதென்று இன்வெர்ட்டர்காரரிடம் விசாரித்தார். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இப்படித்தான் மெஷினோடு எட்டு வருஷம் இருந்தாராம், டி.வி.யெல்லாம் பார்ப்பாராம் என்று வந்து சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். பீரோ இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது, அதைத் துடைத்துவிட்டாள். பால் கலக்கினாள், குழாயில் ஊற்றினாள், துணியை மடித்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்துக் குளியலறைக் கதவைக்கூட ஒருதரம் சாத்திக்கொண்டு நின்றாள். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. வாளியில் தண்ணீர் நிரம்பியதும் குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

பேச்சை நிறுத்தினால் பேச்சு காத்திருக்காது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆடாத கையும் நடக்காத காலும் என்ன ஆயின என்று அந்த வீட்டிலேயே பார்த்தாயிற்று. ஒவ்வொரு நாளும் அவர் வாயை மூடிக்கொண்டு கிடக்க, உள்ளே நாக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. "பேசுங்க, ஏதாவது பேசுங்க, திட்டவாவது திட்டுங்க," என்று அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். மாஸ்க் வழியாக வரும் காற்றின் சீறல்தான் கேட்டது.

ஹெல்மெட் அவரைக் குளிப்பாட்ட வந்த நாளில் அதை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்கு வந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நீங்க டீயப் போடுங்க, போட்டுட்டே கேளுங்க."

அவள் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள்.

"அன்னிக்கு அண்ணன் சிரிச்சாரு பாருங்க, எனக்கு மனசு கேக்கல. டாக்டர்ட்ட சொல்லிட்டு, மறுநாள் நீங்க கடைக்குப் போயிருந்தப்ப கண்ணாலயே கேட்டேன். நீங்க சொன்னதத்தான் அக்கா சொன்னாங்களான்னு. ரெண்டு தடவ மூடுனாரு."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"மெஷின் வேணாமான்னு கேட்டேன். ஆமான்னாரு. அப்ப நான் டாக்டர்ட்டச் சொல்லி மாத்திடறேன்னேன். இல்லன்னுட்டாரு. உங்க அண்ணி இருக்கும்போது டாக்டரையே நேராக் கேக்கச் சொல்லட்டுமான்னு கேட்டேன், அதுக்கும் இல்ல. கடைசியில, நீங்களே உங்க வாயால சொல்லணுமான்னு கேட்டேன். அதுக்குத்தான் ஆமான்னாரு. ஏன்னு கேக்க எனக்கு வழி தெரியல. ஆமா இல்லன்னு மட்டும் வெச்சுக்கிட்டு அத எப்படிக் கேக்கறது?"

"அண்ணிக்குத் தெரியுமா?"

"இல்ல. நாங்க யார்ட்டயும் சொல்லல. டாக்டர் மறுபடி வரும். அப்ப நீங்க என்ன சொன்னாலும், அவருகிட்ட ஒருதடவ கேட்டுட்டுத்தான் எதுவும் செய்யும். அதனால உங்கள யாரும் கட்டாயப்படுத்தல. அவரு காத்துட்டிருக்காருன்னு உங்களுக்குத் தெரியணுமேன்னுதான் சொன்னேன்." டீயைக் குடித்துவிட்டு ஹெல்மெட் கிளம்பினார்.

அவள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குளித்த உடம்பில் பவுடர் வாசனை அடித்தது. ஒன்றுமே உணராமல் இருந்தவளுக்கு அப்போது கோபம் வந்தது. நல்ல, சூடான கோபம். "ஏன், நீங்களே அன்னிக்கு டாக்டர்ட்டக் கண்ண மூடிக் காட்டியிருக்கலாமில்ல? உங்க அக்கா முன்னாடி என்னப் பொய்க்காரியாக்க வேணாம்னு விட்டீங்களாக்கும். பெரிய தியாகி. இப்ப நானே என் வாயால சொல்லணுமா? சொல்லி, நாளைக்கு எல்லாரும், பெண்டாட்டிதான் வேணாம்னு சொன்னாளாம்னு பேசணுமா? என்னால முடியாது. கேட்டுச்சா? முடியாது."

அவர் கேட்டுக்கொண்டார். கண்ணை ஒருதரமும் மூடவில்லை, இரண்டுதரமும் மூடவில்லை. அவள் பேசி முடிந்ததும் அவள் தோளைத் தாண்டி எங்கோ பார்த்தார். திரும்பினால், அடுப்பங்கரை விளக்கை அணைக்காமல் வந்திருந்தாள். எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தாள். அதற்குள் கோபம் போய்விட்டது. போனது போகட்டும், அந்த இடத்தில் வேறெதுவும் வந்து உட்காரவில்லை.

டாக்டர் மறுபடி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அக்கா முன்னதாகவே வந்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய துணிமணிகளைப் பையில் அடுக்கி வைத்திருந்தார். ஹெல்மெட் கதவோரம் நின்றார். டாக்டர் அதே இடத்தில், அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கியது.

"சார், போன தடவ கேட்டதையே மறுபடி கேக்கறேன். மெஷின் வேணுமா, வேணாமா?"

லிஃப்ட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

அவ்வளவு நாளைக்குப் பிறகு குரல் வந்தது. அவள் உடம்பெல்லாம் காதாகக் குனிந்தாள். நீளமாக ஒன்று, நிறுத்தி, சின்னதாக ஒன்று. அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். ஒரே ஓசை, மேடு பள்ளம் இல்லாமல், ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறதென்று தெரியாமல் இழுத்துக்கொண்டு போனது. இத்தனை காலம் அக்காவுக்கும் ஹெல்மெட்டுக்கும் மேனேஜருக்கும் எப்படிக் கேட்டதோ, அப்படியே இன்று அவளுக்கும் கேட்டது. அவருக்கு இது தெரியுமா? தெரியாமல்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாரா?

"என்ன சொல்றாரு?" என்றது டாக்டர்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். வாய் வழக்கம்போலத் தயாராகத்தான் இருந்தது. எதைச் சொன்னாலும் அறை ஏற்றுக்கொள்ளும். அக்கா ஒரு கையில் பையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"புரியல," என்றாள் அவள்.

"என்னது?"

"இப்ப சொன்னது எனக்குப் புரியல டாக்டர். புரியறதும் இனிமே இருக்காதுன்னு நெனைக்கறேன். ஆனா போன தடவ சொன்னது நல்லாப் புரிஞ்சுச்சு. வேணாம்னு சொன்னாரு. தொளையெல்லாம் வேணாம், இதோட விட்ருங்க, இவள கொஞ்சம் தூங்க விடுங்கன்னு சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

டாக்டர் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவர் பக்கம் குனிந்து, "அவங்க இப்ப சொன்னது சரியா சார்?" என்றது. லிஃப்ட்டுக்காரர் கண்ணை அழுத்தி மூடினார். ஒருதரம். மூடியது மூடியபடியே கொஞ்ச நேரம் இருந்தது.

பை கீழே விழுந்தது. "பொய் சொல்றா!" என்றார் அக்கா. ஹெட்மிஸ்ட்ரஸின் குரல். "இவ சொல்றதக் கேக்காதீங்க டாக்டர். எங்கயும் போகமாட்டேன்னு எங்கிட்டச் சொன்னவன் அவன். இதே எடத்துல வெச்சுச் சொன்னான்."

"அதுவும் நான் சொன்னதுதான் அண்ணி."

"அப்ப சாப்பிட்டியாக்கான்னு கேட்டது?"

"நான்தான்."

"கால் வலி எப்படி இருக்குன்னு?"

அவள் தலையசைத்தாள். இதைச் சொல்லும்போதும் நெஞ்சில் ஒன்றும் அடைக்கவில்லை. யாரோ ஃபோனில் கேட்க, பதிவைப் பார்த்துப் படித்துக்காட்டுகிற மாதிரிதான் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். வயதான முகம். இரண்டு வருஷமாக அந்த முகத்துக்குத் தான் கொடுத்ததையெல்லாம் தானே பிடுங்கிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான்.

"அப்ப நான் வரும்போதெல்லாம் அவன் என்னதான் சொன்னான்?"

அவள் கீழே கிடந்த பையை எடுத்துக் கட்டிலோரம் வைத்தாள்.

"சொல்லு. என்ன சொன்னான் என்னப் பத்தி?"

"வந்துருச்சு பிசாசுன்னு சொல்வாரு அண்ணி. கதவுச் சத்தம் கேட்டதும் மொதல்ல அதான் சொல்வாரு."

ஹெல்மெட் தரையைப் பார்த்தார். அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பிசாசுன்னா சொன்னான்?"

"ஆமா அண்ணி."

"அம்மா போனப்புறம் நான்தானே இவனுக்குச் சோறு ஊட்டுவேன்," என்றார் அக்கா, யாரிடம் என்றில்லாமல். "வாயத் தெறக்கவே மாட்டான். தட்ட எடுத்துட்டு நான் வெரட்டுவேன், பிசாசு வருது பிசாசு வருதுன்னு கத்திக்கிட்டே வீட்டச் சுத்தி ஓடுவான். பெரியவனானதும் மரியாதையா அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டான். அந்த வார்த்தையக் கேட்டு எத்தன வருஷமாச்சு." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "அத ஏன்டி எனக்குச் சொல்லாம விட்ட?"

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அது கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தது, நிறுத்தச் சொன்னாலும் நிற்காது போல. இத்தனை நாள் கேட்ட அத்தனை வசையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எது யாருக்கு என்னவாக இருந்ததோ. யோசித்துப் பார்ப்பதற்குள் லிஃப்ட்டுக்காரர் பேச ஆரம்பித்தார்.

டாக்டர் எழுந்து இடம் விட்டது. சளி சேரும் ஒலி கேட்டு ஹெல்மெட் மெஷினை எடுக்கப்போனார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். லிஃப்ட்டுக்காரர் நிறுத்தவில்லை. அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சொல்லி முடிப்பது என்று உட்கார்ந்துவிட்டவர் போலப் பேசினார்.

"என்ன சொல்றான்?" என்றார் அக்கா.

"தெரியல அண்ணி."

அவள் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டுக் குனிந்து, காதை அவர் வாயருகே வைத்தாள். ஈரமான சூடான மூச்சு காதுக்குள் போனது. அக்காவும் எழுந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றி மெத்தைமேல் வைத்துவிட்டு, மறுபக்கமிருந்து தன் காதைக் கொண்டுவந்தார். இரண்டு தலையும் அவர் மார்புக்கு மேலே முட்டிக்கொண்டு நின்றன. யாரும் நகர்த்திக்கொள்ளவில்லை. அவர் அவசரமில்லாமல் இருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார், எச்சிலை விழுங்கினார், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.